வாசிப்போன் சுபாவமும் அயல்மொழிப் பொருளும்

ஒரு நூலின் பொருள் எழுத்திலே இருக்கிறதா, வாசிப்பவனுடைய உள்ளத்திலே இருக்கிறதா என்னும் வினாவை நம் முன்னோர் வெறும் இலக்கண விசாரமாகக் கொள்ளவில்லை. வேதாந்த நூல்கள் விஷயத்தைத் தொடங்குமுன்பே, விவேகம், வைராக்கியம் முதலிய சாதனங்கள் வாய்ந்தவனே அதற்கு அதிகாரி என்று வரையறுத்ததும், பவணந்தி முனிவர் நன்னூலில் அன்னம், பசு தொடங்கி இல்லிக்குடம், நெய்யரி ஈறாக மாணாக்கரை வகைப்படுத்தியதும், கல்விக்கு முன்னே சுபாவம் நிற்கிறது என்பதை உணர்ந்தே.

தாய்மொழியில் இச்சுபாவம் எளிதில் வெளிப்படுவதில்லை. பழக்கமே நம்மைத் தாங்கிச் சென்றுவிடும். கொல்லிமலை அடிவாரத்தில், வீட்டிலும் கடைவீதியிலும் தமிழே கேட்கும் காளப்பநாயக்கன்பட்டியில், ஆங்கிலப் பாடத்தை விரித்து வைத்திருக்கும் மாணாக்கரை எண்ணிப் பாருங்கள். தெரியாத சொல் எதிர்ப்பட்டதும், துடுக்கானவன் தன் ஊகத்தையே பொருளாக்கிக்கொண்டு மேலே ஓடுகிறான். அச்சமுடையவனோ அகராதி கைக்கு வரும்வரை அடுத்த வரியைத் தொடுவதில்லை. கூச்சமின்மையால் முன்னவன் பேச்சிலே முந்தலாம். ஆயினும் வாசிப்பிலே தேறுபவன், தன் அறியாமையைச் சிறிது பொறுத்திருந்து, பின்வரும் வாக்கியங்கள் விளக்கியபின் தன் ஊகத்தைத் திருத்திக்கொள்ளச் சம்மதிக்கும் மூன்றாமவனே.

சமய நூல்களில் இச்சோதனை இன்னும் கடுமையானது. ஏனெனில் அங்கே அறியாத சொல்லோடு, ஒவ்வாத கொள்கையும் எதிர்ப்படுகிறது. 1839இல் தமிழகம் வந்த பாதிரியார் ஜி. யு. போப், 1886இல் திருக்குறளை ஆங்கிலத்தில் வெளியிட்டபோது, வள்ளுவர் மயிலாப்பூரில் கிறிஸ்தவ உபதேசங்களை அறிந்திருக்கக்கூடும் என்று ஊகித்தார். தாம் நேசித்ததையே தாம் வியந்த நூலிலும் கண்டது பக்தியின் பலவீனம். அதே பக்திதான், தம் சமயத்தை விடாமலே, சைவத்தின் உருக்கத்தை உணர்ந்து, எண்பதாம் வயதில், 1900இல், திருவாசக மொழிபெயர்ப்பை வெளியிடும் ஆற்றலையும் அவருக்கு அளித்தது. ஒரே குணம் ஓரிடத்தில் திரையாகவும், மற்றோரிடத்தில் கண்ணாகவும் அமைந்தது.

சொல்வளமும் இலக்கணமும் இன்றியமையாதவை என்பதில் ஐயமில்லை. சுபாவம் அவற்றுக்கு ஈடாகாது. ஆனால் சுபாவமும் பிறவியோடு முடிந்துபோவதன்று, பயிற்சியால் திருந்துவது. ஆகவே ஆசிரியர்கள் சொற்பொருளைக் கேட்பதோடு நிறுத்தாமல், 'எதைக்கொண்டு அப்படிப் பொருள் கொண்டாய்?' என்றும் மாணாக்கரைக் கேட்பார்களாக.