பிடியரிசியும் பெயரும்

எங்கள் குசினியில் சோயா சோஸ் வந்த வெறும் வாளியொன்று இருக்கிறது. வேலை முடிந்து போகும்போது அன்றைய ரிப்ஸில் ஒரு பங்கை அதற்குள் போட்டுவிட்டுப் போவோம். யார் எவ்வளவு போட்டார் என்று எழுதி வைப்பதில்லை. சமைக்கிறவரின் நோட்டும் கோப்பை கழுவுகிறவரின் சில்லறையும் ஒரே வாளிக்குள்தான் விழும். வருடத்தில் ஒருமுறை எண்ணி, வன்னியில் ஒரு பாலர் பாடசாலைக்கு அனுப்புகிறோம். இம்முறை அந்தக் காசில் தண்ணீர்த் தாங்கி கட்டியிருக்கிறார்கள். அதில் என்ன பெயர் எழுதுவதென்று கேட்டுச் செய்தி வந்திருக்கிறது. மூன்று கிழமையாகப் பதில் போடாமல் இருக்கிறோம்.

பெயர் என்றவுடன் எங்களுக்கு ஊர்த் தேவாலயத்து ரியூப்லைற்தான் ஞாபகம் வருகிறது. 'அன்பளிப்பு' என்று தொடங்கி, கொடுத்தவரின் பெயர், தகப்பனின் பெயர், அப்போது அவர் இருந்த நாட்டின் பெயர் எல்லாம் அதில் கறுப்பு மையால் எழுதியிருந்தது. எழுத்து மறைத்தது போக மிஞ்சிய வெளிச்சத்தில் பாட்டுப் புத்தகம் பார்த்துப் பாடினோம். வலது கை செய்வதை இடது கை அறியவேண்டாமென்ற மத்தேயு ஆறாம் அதிகாரத்தையும் அந்த வெளிச்சத்தில்தான் வாசித்தார்கள். சைவக் கோயில்களில் இதற்கு 'உபயம்' என்று பெயர். ஆகவே வேதக்காரருக்கு மட்டுமுள்ள வியாதியென்று ஒதுக்கவும் முடியாது.

ஆனால் எங்கள் மண்ணில் இந்தப் பெயர் விவகாரம் ரியூப்லைற்றோடு நிற்கவில்லை. 1816இல் அமெரிக்க மிசனரிமார் யாழ்ப்பாணம் வந்தார்கள். 1823இல் வட்டுக்கோட்டை செமினரி, 1824இல் உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலை என்று தொடங்கினார்கள். அங்கே படித்த பிள்ளைகளுக்குச் சாப்பாடு, உடுப்பு, புத்தகம் என்று செலவானது கடலுக்கப்பால் இருந்த சபைகள் சேர்த்து அனுப்பிய காசு. ஒரு பிள்ளையைப் பொறுப்பேற்றவர், அந்தப் பிள்ளைக்குத் தான் விரும்பிய பெயரை வைக்கலாம். கரோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என்று நாங்கள் மரியாதையோடு சொல்லுகிற பெயர்களின் முன்பாதி அந்தக் காலத்திலிருந்து வந்தது.

இதை வெறுமனே பழிக்கவும் எங்களால் முடியவில்லை. அந்தப் படிப்பு இல்லாவிட்டால் 1886இல் ஆர்னல்ட் எழுதிய 'பாவலர் சரித்திர தீபகம்' எங்களுக்குக் கிடைத்திராது. கொடுத்தவர்களில் எத்தனையோ பேர் தங்கள் வீட்டுச் செலவைக் குறைத்துத்தான் கொடுத்திருப்பார்கள். எங்களுக்குப் பிடித்தது அந்தப் பெயர்களின் பின்பாதி. வாங்கினவர்கள் விசுவநாதபிள்ளையையும் சதாசிவம்பிள்ளையையும் கைவிடவில்லை. வந்ததை முன்னுக்கு வைத்து, தங்களுடையதைப் பக்கத்தில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

அதே யாழ்ப்பாணத்தில் இன்னொரு விதமான கொடையும் இருந்தது. அம்மாமார் உலையில் அரிசி போடுவதற்கு முதல், அளந்த அரிசியில் ஒரு பிடியை எடுத்து வேறொரு முட்டியில் போடுவார்கள். கிழமை முடிவில் அது சபைக்குப் போகும். பிடியரிசி என்பது அதைத்தான். சைவ வீடுகளிலும் தருமத்துக்கென்று இப்படிப் பிடியரிசி எடுத்தார்கள். மிசோரம் மலைகளில் கிறிஸ்தவப் பெண்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொடங்கிய இதே வழக்கத்தால்தான் அங்கத்தைய சபை பெருமளவு வளர்ந்தது. காசு புழங்காத வீட்டுப் பெண்ணுக்கும் தன் கையால் கொடுக்க ஒன்று இருந்தது என்பது ஒருபுறம். எங்களுக்கு முக்கியமாகப் படுவது வேறு. சாக்குக்குள் போன பிறகு எந்தப் பிடி எந்த வீட்டுடையது என்று யாராலும் சொல்ல முடியாது. பச்சையரிசியையும் குத்தரிசியையும் வேண்டுமானால் பிரிக்கலாம், அவ்வளவுதான்.

ஏழை விதவை காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட கதையை நாங்கள் எத்தனை தரம் கேட்டிருப்போம். காணிக்கை குறைந்த மாதங்களில் அது தவறாமல் பிரசங்கத்துக்கு வரும். மாற்கு பன்னிரண்டாம் அதிகாரத்தில் அதற்குச் சற்று முன்னால், விதவைகளின் வீடுகளை விழுங்குகிறவர்களை இயேசு கண்டிக்கிறார். இரண்டையும் சேர்த்துப் பிரசங்கம் செய்த ஒருவரை நாங்கள் இன்னும் சந்திக்கவில்லை.

இதெல்லாம் கொடுக்கிறவன் பக்கத்துக் கதை. வாங்குகிற பக்கத்தை மெல்பேர்ணுக்கு வந்துதான் படித்தோம். 2012 ஆகஸ்ட் 13க்குப் பின் படகில் வந்தவர்களுக்கு, தடுப்பு முகாமிலிருந்து விடும்போது கையில் தந்த தற்காலிக விசாவில் வேலை செய்யும் உரிமை இருக்கவில்லை. வேலையில்லாதோர் கொடுப்பனவின் 89 சதவீதம் தருவார்கள். வீட்டு வாடகைக்குப் பிறகு மிஞ்சுவது பஸ்ஸுக்கும் பருப்புக்கும் சரி. அப்போது ஒரு சபை கிழமைதோறும் சாப்பாட்டுப் பெட்டி தந்தது. நல்ல மனிசர், அதில் சந்தேகமில்லை. பெட்டியைப் பிடித்தபடி எங்களைப் படமெடுத்துத் தங்கள் மாதச் சஞ்சிகையில் போட்டார்கள். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தோம். பிறகு குசினியில் வேலை கிடைத்து, ஒரு ஞாயிறு பெரிய தட்டு நிறையச் சோறும் கத்தரிக்காய்க் கறியும் கொண்டு போனபோது, 'நீங்கள் ஏன் கஷ்டப்படுகிறீர்கள், உங்களுக்குத்தான் தேவை' என்று அன்பாகவே திருப்பித் தந்துவிட்டார்கள். படமெடுத்த அன்றைக்கு இல்லாத வெட்கம் அன்றைக்கு வந்தது.

அந்தச் சபையில் ஒரு கிழவி மட்டும் எங்களைத் தன் வீட்டுக்கு வந்து புல் வெட்டித் தரமுடியுமா என்று கேட்டார். கறியையும் அவர்தான் பெட்டியில் போட்டுக் கொண்டுபோனார். உறைப்பு என்று முறைப்பாடும் செய்தார்.

வாங்குவதைவிடக் கொடுப்பது பாக்கியம் என்ற வசனத்தைப் பவுல் எபேசுச் சபையின் மூப்பர்களிடம் விடைபெறும்போது இயேசுவின் வாக்காக நினைவூட்டுகிறார். நான்கு சுவிசேஷங்களிலும் அது இல்லை. அதே பவுல் எருசலேமின் ஏழைகளுக்குக் காசு சேர்க்கும்போது, கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் எட்டாம் அதிகாரத்தில் சமநிலையைப் பற்றிப் பேசுகிறார். இன்றைக்கு உங்களிடம் மிஞ்சுவது அவர்களுக்கு, நாளைக்கு அவர்களிடம் மிஞ்சுவது உங்களுக்கு என்பது அவருடைய கணக்கு. கறித்தட்டைத் திருப்பித் தந்தவர்கள் அந்தக் கணக்கின் இரண்டாம் பாதியைத்தான் மறந்தார்கள்.

லியோ சீமான்பிள்ளையை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஜீலோங்கில் இருந்த தமிழ் அகதி. எங்களைப்போலத் தற்காலிக விசாவில் இருந்தவர். அங்கே முதியோர் இல்லமொன்றில் சம்பளமில்லாமல் தொண்டு செய்தார். திருப்பி அனுப்பிவிடுவார்களென்ற பயத்தோடு வாழ்ந்தவர், 2014 ஜூன் 1ஆம் திகதி தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டு இறந்தார். வயது 29. தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்த பெற்றோருக்குச் செத்தவீட்டுக்கு வரவும் அவுஸ்திரேலியா விசா கொடுக்கவில்லை. அவருடைய உடலுறுப்புகள் ஐந்து பேருக்குப் போயின. அந்த மரணத்தைக் கொடையென்று நாங்கள் எழுதமாட்டோம். எழுதுகிறவர்களோடு சண்டை பிடிப்போம். அவர் இருந்திருக்க வேண்டியவர். ஆனால் முதியோர் இல்லத்தில் கொடுத்த அந்த நாட்கள் கொடைதான். அவரை வைத்திருக்க விரும்பாத நாட்டில், ஐந்து பேர் அவரிடம் வாங்கினார்கள். அவர்களில் எவருக்கும் யாரும் லியோ என்று பெயர் மாற்றவில்லை.

எங்கள் கையும் சுத்தமில்லை. மாதாமாதம் ஊருக்கு அனுப்புகிற காசின் பலத்தில், அக்காவின் மகள் எந்தப் பாடம் படிக்கவேணும், தம்பி யாரைக் கட்டவேணும் என்று போனில் தீர்ப்புச் சொல்லுகிறோம். வட்டுக்கோட்டைக்குக் காசு அனுப்பியவர்கள் ஒரு பெயரோடு நின்றார்கள்.

இவ்வளவும் கதைத்து, தாங்கியில் பெயரே வேண்டாமென்று போன திங்கட்கிழமை, கடை பூட்டிய நாளில், ஏறக்குறைய முடிவெடுத்துவிட்டோம். அப்போதுதான் எங்களில் அதிகம் பேசாத, கோப்பை கழுவுகிற நண்பர் கேட்டார், தன் அம்மாவின் பெயரை எழுதலாமா என்று. 2009 மேயில் முள்ளிவாய்க்காலில் போனவர் அவர். கல்லறை இல்லை. அந்தப் பெயர் எழுதப்பட்ட இடம் இந்த உலகத்தில் எங்குமே இல்லை என்றார்.

பிடியரிசியைப் பற்றி அவ்வளவு நேரம் கதைத்தவர்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. செய்திக்கு இன்னும் பதில் போகவில்லை. தாங்கியில் தண்ணீர் நிரப்பியாயிற்று, பிள்ளைகள் குடிக்கிறார்கள் என்று நேற்றுப் படம் வந்திருக்கிறது.