குறி போட்டால் போதுமா?

கண் தெரியாதவர் கணிப்பொறியில் வேலை செய்யத் திரைவாசிப்பான் வேண்டும். அது திரையில் உள்ளதைக் குரலாகச் சொல்லும். ஆனால் இது பொத்தான், இது பட்டியல், இது எழுதும் இடம் என்று ஒவ்வொரு மென்பொருளும் அதற்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாத மென்பொருள் வெறுஞ்சுவர்.

லினக்சில் ஓடும் க்னோம் மேசைத்தளத்தில் 2002-லேயே இந்த ஏற்பாடு வந்துவிட்டது. சி-டாக் 2007-இல் வெளியிட்ட பாஸ் லினக்சுக்கும் க்னோம்தான் முகமாக இருந்தது. ஆனால் ஏற்பாடு அணைத்தே வைக்கப்பட்டிருந்தது. அமைப்புகளுக்குள் தேடிப்போய் ஒரு கட்டத்தில் குறி போட்டு, வெளியேறி, மறுபடி நுழைய வேண்டியிருந்தது. கட்டத்தைக் கண்டுபிடிக்கவே கண் வேண்டும்!

சித்தேரி மலையிலிருந்து அரூருக்குப் படிக்க இறங்கிவரும் பார்வையற்ற பழங்குடிப் பெண் ஒருத்தியை நினைத்துப் பாருங்கள். "அண்ணே, கொஞ்சம் போட்டுக் குடுங்க" என்று அவள் ஒவ்வொரு எந்திரத்தின் முன்னும் நிற்க வேண்டும். கெஞ்சி வாங்குவது உரிமையாகுமா?

"அதான் வசதி இருக்குல்ல, குறி போட்டுக்க வேண்டியதுதானே?" இந்தக் குரல் நமக்குப் புதுசா என்ன? பொதுக்குளங்கள் எல்லாருக்கும் என்று பம்பாய்ச் சட்டசபை 1923-இல் தீர்மானம் போட்டது. மகாடு நகராட்சியும் 1924-இல் ஏற்றது. சவுதார் குளம் காகிதத்தில் திறந்தே கிடந்தது. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் மக்களோடு இறங்கி அள்ளிக் குடிக்க வேண்டியிருந்தது. அங்கே சாதியின் தடி நின்றது, இங்கே அலட்சியம். இரண்டையும் ஒன்றாக்கிவிட முடியாது. ஆனால் யாரை மனதில் வைத்துப் 'பொது' வகுக்கப்படுகிறது என்ற கேள்வி இரண்டுக்கும் ஒன்றுதான்.

"ஒருத்தருக்காக எல்லார் எந்திரமும் மெதுவாகணுமா?" என்பார்கள். அணைத்து வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். கண்ணுள்ளவரின் சில நொடிகளுக்குக் கண்ணற்றவரின் நுழைவையே விலையாக வைப்பது என்ன நியாயம்? அடித்தளத்தைச் சீர்செய்து, 2012-இல் க்னோம் 3.6 அதை எப்போதும் இயங்கும்படி ஆக்கியது. எந்திரம் ஒன்றும் நின்றுபோகவில்லை.

ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்சநீதிமன்றமும் இதைத் தொட்டது. அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக வைத்த விதி, 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துக்கே முரண் என்று சொல்லி, கட்டாயத் தரங்களை வகுக்கச் சொன்னது.

தோழர்களே, நம் மேசையையும் பார்ப்போம். பழைய எழுத்துருவில் நாம் அடிக்கும் துண்டறிக்கை, திரைவாசிப்பானுக்குப் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குப்பை. யூனிகோடில் அடித்தால் அது தமிழாகவே காதில் விழும். விடுதலையைப் பேசும் தாளை ஒருத்தி படிக்கவே முடியாது என்றால், அது யாருடைய விடுதலை?