ஒளியும் அயலும்

ஒரே வகுப்பில் இருவர் படித்தனர். ஒரே ஆசிரியர் கற்பித்தார். ஒருவன் தேறினான், மற்றவன் தேறவில்லை. உடனே, குறை அவனுடையதே என்று நாம் தீர்ப்பெழுதிவிடுகிறோம். ஒளி எல்லார்மீதும் ஒன்றுபோல் விழுந்தபின், மலராதவன்தான் குற்றவாளியா? இவ்வினாவை எண்ணும்போது, வேதியியல் கண்ட ஓர் உண்மை நம் நினைவுக்கு வருகிறது.

சின்னமிக் அமிலம் இலவங்கப்பட்டையின் பெயரைத் தாங்கிய வெண்ணிறப் பொருள். அதை நீர்த்த கரைசலாக்கிப் புற ஊதா ஒளியில் வைத்தால், மூலக்கூறுகள் தம் வடிவை மட்டுமே மாற்றிக்கொள்கின்றன. ஒளியால் கிளர்ந்த அச்சிறு கணத்துக்குள் துணையைச் சந்திக்க அவற்றால் இயல்வதில்லை. படிகமாக வைத்து ஒளியூட்டினாலோ, அவை இரண்டிரண்டாக இணைந்து புதுப்பொருளாகின்றன.

இதன் காரணத்தை இஸ்ரயேல் நாட்டு வைஸ்மன் ஆய்வு நிலையத்தில் கெர்ஹார்ட் ஷ்மிட்டும் அவர் குழுவினரும் ஆராய்ந்து, 1964-இல் வெளியிட்டனர். அயல் மூலக்கூறுகளின் இரட்டைப் பிணைப்புகள் ஒன்றுக்கொன்று இணையாக, ஏறத்தாழ 4.2 ஆங்ஸ்ட்ராம் தொலைவுக்குள் இருந்தால் இணைப்பு நிகழும் என்றனர். ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு! இவ்வமிலக் குடும்பத்தில், அயலார் அவ்வெல்லைக்கு அப்பால் நிற்கும் படிகங்களும் உண்டு. அங்கும் ஒளி விழுகிறது. ஆயினும் இணைப்பு இல்லை. ஒரே சேர்மம் ஒரு படிகத்தில் வினைபுரிந்து, வேறொரு படிகத்தில் வாளாவிருப்பதும் உண்டு. அங்கே மூலக்கூறிலும் குறையில்லை, ஒளியிலும் குறையில்லை. இடைவெளியே தடை.

எனினும், சூழலே விதி என்று நாம் ஓய்ந்துவிடலாமா? பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார் 1980-களில் ஆராய்ந்த 7-குளோரோகூமரின் படிகத்தில், 4.45 ஆங்ஸ்ட்ராம் தொலைவிலும் இணைப்பு நிகழ்ந்தது. இறுகிய படிகத்துக்குள்ளும் மூலக்கூறுகள் சற்றே அசைய இடமிருந்தது என்று அவர்கள் விளக்கினர்.

மூலக்கூறு தன் இடத்தைத் தானே தேர்வதில்லை. மனிதரோ நகர வல்லவர். ஆகவே தேறாதவனுக்கும் பொறுப்பு உண்டு; அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் நகரும் கடமை அவன் ஒருவனுக்கு மட்டுமா? அவன் அருகே இருந்த நமக்கும் அன்றோ? ஒளி தருவது நம் கையில் இல்லாதிருக்கலாம். நெருங்கி நிற்பது நம் கையில்தான் இருக்கிறது. "நீ ஏன் மலரவில்லை?" என்று ஒருவனைக் கேட்குமுன், "நாம் எவ்வளவு தொலைவில் நின்றோம்?" என்று நம்மையே கேட்டுக்கொள்வோம்.