இழப்பை அளக்கும் கோல்

துயரை எதைக் கொண்டு அளப்பது? எம்மவருக்கு இது புதிய கேள்வியல்ல. இடம்பெயர்ந்து பாடசாலைகளிலும் கோயில் மண்டபங்களிலும் கிடந்த நாட்களில், நிவாரண அட்டையிலிருந்த தலைகளின் எண்ணிக்கைதான் எமது துயரின் அளவாக இருந்தது. வாழைத்தோட்டத்தை விட்டு வந்தவருக்கும், அதே தோட்டத்தில் கூலிக்கு நின்றவருக்கும் தலைக்கு ஒரே அளவு அரிசி, பருப்பு, சீனி. தோட்டக்காரர் அதை அவமானமாக உணர்ந்தார். கூலிக்காரர் அதில் ஒரு நீதியைக் கண்டிருக்கக்கூடும்.

2020 இல் ஐக்கிய அமெரிக்கா தன் விவசாயிகளுக்கு இதற்கு நேரெதிரான கோலை எடுத்தது. கலிபோர்னியாவின் துலேரி கவுண்டியை எடுத்துக்கொள்வோம். அந்நாட்டில் பால் உற்பத்திக்குப் பெயர்போன நாட்டுப்புறம் அது. கொவிட் வந்து உணவகங்களும் பாடசாலைகளும் மூடப்பட்டதும் பாலின் விலை விழுந்தது. மாட்டின் மடிக்கு ஊரடங்கு தெரியாது. கறக்காமல் விட்டால் மாடு நோயுறும். நாட்டின் பல இடங்களில் கறந்த பாலை நிலத்தில் கொட்டினார்கள்.

அவ்வாண்டு ஏப்ரலில் அரசு 1,900 கோடி டொலர் உதவித் திட்டத்தை அறிவித்தது. அதில் 1,600 கோடி நேரடிக் கொடுப்பனவு. ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் கறந்த பாலின் அளவே பாற்பண்ணைகளுக்கான கணக்கு. ஒருவருக்கு உச்சவரம்பு 250,000 டொலர். கம்பனியாகப் பதிந்த பண்ணையில் உழைக்கும் பங்காளிகள் மூவர் இருந்தால் 750,000 வரை போகலாம். கூடக் கறந்தவருக்குக் கூடக் கிடைத்தது.

பண்ணையாளரைப் பழிப்பதற்காக இதை எழுதவில்லை. கடனில் நிற்கும் மனிதர் தன் உழைப்பை மண்ணில் ஊற்றுவது சாதாரண வேதனையல்ல. ஆனால் அந்தப் பாலைக் கறந்த கைகளில் பெரும்பாலானவை மெக்சிக்கோவிலிருந்து வந்தவை. அவர்களில் பலரிடம் குடிவரவுப் பத்திரம் இல்லை. அரசு அவர்களை அத்தியாவசியத் தொழிலாளர் என்றது. ஊரடங்கிலும் அவர்கள் வேலைக்குப் போனார்கள். அதே அரசு, வயதுவந்தோருக்கு அனுப்பிய 1,200 டொலரைப் பெறச் சமூகப் பாதுகாப்பு இலக்கம் வேண்டும் என்றது. மாநில அரசு 500 டொலர் கொடுத்தது, ஒன்றரை இலட்சம் பேர் வரைதான். விவசாயத் தொழிலாளருக்கென மத்திய அரசு 600 டொலர் கொடுக்க முன்வந்தது. அதைப் பகிர்ந்தளிக்கும் அமைப்புகளுக்கு நிதி ஒதுக்கப்பட்டபோது 2022 ஆகிவிட்டது.

பண்ணை நின்றால்தானே தொழிலாளிக்கு வேலை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதே 2020 இல் சிறுதொழில்களுக்குக் கொடுத்த கடன்களில், குறைந்தது 60 வீதத்தைச் சம்பளத்துக்குச் செலவிட்டால் முழுவதையும் தள்ளுபடி செய்யலாம் என்று விதி வைத்தார்கள். அப்படியொரு நிபந்தனை அரசின் சிந்தைக்கு எட்டாததல்ல. பாலின் அளவுக்குக் கொடுத்த பணத்துக்கு மட்டும் அது இல்லை.

இழப்பீடு, நிவாரணம் என்ற இரண்டு சொற்களையும் நாம் மாறி மாறிப் பாவிக்கிறோம். இழப்பீடு, உன்னிடம் என்ன இருந்தது என்று கேட்கிறது. நிவாரணம், உனக்கு என்ன இல்லை என்று கேட்கிறது. இரண்டுக்கும் இடமுண்டு. நிவாரணம் என்று பெயர் வைத்து இழப்பீட்டுக் கணக்கில் கொடுக்கும்போதுதான் அநீதி நுழைகிறது. ஏனெனில் பதிவில் ஏதும் இல்லாதவர் எதையும் இழந்ததாகக் காட்ட முடியாது.

இதை அமெரிக்கருக்கு மட்டும் சொல்லி நிறுத்திவிட முடியாது. பறிபோன காணிக்காகப் பேசும்போது நாம் உறுதியைத்தான் எடுத்து நீட்டுகிறோம். அதே ஊரில், எமது வளவின் ஓரத்தில், எமது தயவில் குடிசை போட்டுத் தலைமுறையாக இருந்தவர்களும் அன்று எம்மோடுதான் ஓடினார்கள். நீட்டுவதற்கு அவர்களிடம் உறுதி இருக்கவில்லை. எமது கணக்கில் அவர்கள் எதை இழந்தவர்கள்?