கணினியும் அந்தக்கரணமும்

1950ஆம் ஆண்டில் ஆலன் டூரிங் என்னும் ஆங்கிலக் கணித மேதை, 'மைண்ட்' என்ற தத்துவ சஞ்சிகையில், இயந்திரம் சிந்திக்குமா என்ற வினாவை ஆராயப் புகுந்தபோது, முதலாவதாக எடுத்துக்கொண்டது சமயவாதிகளின் ஆட்சேபத்தையே. சிந்தனை அழிவற்ற ஆன்மாவின் தொழில், ஆன்மாவை ஆண்டவன் மனிதருக்கன்றி இயந்திரத்துக்கு அளிக்கவில்லை, ஆதலால் இயந்திரம் சிந்திக்காது என்பது அவர்கள் வாதம். பிள்ளை பெறுவதால் ஆண்டவனுடைய சிருஷ்டி அதிகாரத்தை நாம் அபகரிப்பதில்லை என்றால், இயந்திரம் செய்வதால் மட்டும் எப்படி அபகரித்தவராவோம் என்பது டூரிங்கின் சமாதானம். சாமர்த்தியமான சமாதானந்தான். ஆனால் சைவ சித்தாந்தம் கற்ற ஒருவர் இவ்விவாதத்தில் கலந்துகொண்டிருந்தால், சமயவாதிகளின் வாதத்துடைய அஸ்திவாரத்தையே மறுத்திருப்பார்.

ஏனெனில், மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என்னும் நான்கு அந்தக்கரணங்களும் மாயையின் காரியங்கள், ஆகவே சடம் என்பது சித்தாந்திகளின் துணிபு. ஐயுறுவது மனம், நிச்சயிப்பது புத்தி. ஆயினும் இரண்டுக்கும் தாமாக அறியும் அறிவில்லை. ஆன்மா இவற்றுள் ஒன்றன்று என்பதைச் சிவஞானபோதத்தின் நான்காம் சூத்திரத்தில் நிறுவிய மெய்கண்டார், அமைச்சரோடு கூடிய அரசனைப்போல அது இவற்றோடு கூடி நிற்கிறது என்றார். நமக்குள்ளிருந்து கணக்கிடும் புத்தியே சடமென்றால், மேசைமேலிருந்து கணக்கிடும் இன்னொரு சடத்தைக் கண்டு ஆன்மவாதி கலங்க வேண்டுவதில்லை. ஜாதகப் பொருத்தத்தைக் கணினியிடமும், போகும் வழியைக் கைப்பேசியிடமும், உறவினரின் தொலைபேசி எண்களை அதன் நினைவகத்திடமும் ஒப்படைத்துவிட்டோமே என்று பலர் வருந்துகிறார்கள். எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை. அமைச்சருக்கு ஓர் உதவியாள் கிடைத்திருக்கிறான், அவ்வளவே.

என் கவலை வேறிடத்தில். ஓய்வூதியம் பெறுவோர் தாம் உயிரோடிருப்பதை ஆண்டுதோறும் நிரூபிக்க வேண்டும். அதனைக் கைரேகை கொண்டு கணினி வழியே செய்யும் ஏற்பாடு 2014இல் வந்தது. நடமாட இயலாத முதியவருக்கு வீட்டிலிருந்தே வேலை முடிகிறதென்றால் அது புண்ணியமே. ஆனால் உழைத்து ரேகை தேய்ந்த கட்டைவிரலை வேட்டியில் துடைத்துத் துடைத்துக் கண்ணாடிமேல் அழுத்தும் கிழவரை எண்ணிப் பாருங்கள். சிவப்பு விளக்கு எரிகிறது. எதிரே அமர்ந்திருப்பவர், அவருடைய முகத்தையும், மூச்சையும், நடுங்குகிற கையையும் கண்ணாரக் கண்டுகொண்டே, "சிஸ்டம் எடுக்க மாட்டேங்குது, ஐயா, நாளைக்கு வாங்க" என்கிறார். கருவிழியைக் கொண்டும் முகத்தைக் கொண்டும் சரிபார்க்க வழியுண்டு. தாளில் எழுதிக் கொடுக்கும் பழைய முறையும் ரத்தாகிவிடவில்லை. இருந்தும் எதிரே அமர்ந்திருப்பவர் கண்டதை அவர் புத்தி நிச்சயிக்கவில்லை. நிச்சயிக்கும் தொழிலைக் கண்ணாடித் துண்டுக்கு விட்டுவிட்டது.

வினைக்குக் கர்த்தாவாகவும் பலனைப் புசிக்கும் போக்தாவாகவும் ஆன்மாவையன்றிச் சடத்தைச் சித்தாந்தம் ஒருபோதும் ஒப்பியதில்லை. ஆகவே, 'கணினி ஏற்கவில்லை' என்று சொல்லிக் கைகழுவுவதால் அந்த மறுப்பின் கன்மம் கணினியைச் சேராது. சொன்னவரையே சேரும், மாற்றுவழியை அவருக்குக் கற்பிக்காத மேலதிகாரியையும் சேரும், வரிசையில் பின்னே நின்று வாளாவிருந்த நம்மையும் ஓரளவு சேரும் என்றே அஞ்சுகிறேன். அத்தகைய வரிசையில் நிற்க நேரும் அன்பர்கள், "கணினி சொல்வது இருக்கட்டும், நீங்கள் என்ன சொல்கிறீர்கள், ஐயா?" என்று மரியாதையாகவே கேட்கலாம்.