உண்ண மறுக்கும் உயிரும் நம் கையில் உள்ள அமானிதமும்

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே. அவனது அருளும் சாந்தியும் நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களது குடும்பத்தார், தோழர்கள் மீதும், அவர்களைப் பின்பற்றி வாழும் அனைவர் மீதும் உண்டாகட்டும்.

கண்ணியத்திற்குரிய சகோதர சகோதரிகளே! தனிமையிலும் கூட்டத்திலும் அல்லாஹ்வை அஞ்சி நடந்துகொள்ளுமாறு எனக்கும் உங்களுக்கும் முதலில் உபதேசித்துக்கொள்கிறேன்.

இந்த வாரம் நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு சகோதரர் ஒரு கேள்வி கேட்டார். இங்கே ஒன்டாரியோவில், அவருடைய வீட்டுப் பின்புறத்தில், புல் வெட்டும் இயந்திரத்தில் சிக்கி ஒரு கார்ட்டர் பாம்பு காயம்பட்டுக் கிடந்தது. உடல் நெடுக மஞ்சள் கோடு ஓடும், நம் தோட்டங்களில் அடிக்கடி காணும் அந்தச் சிறிய பாம்புதான். அவருடைய மகள் முதல் நாள் மாலை அதை எடுத்து ஒரு பெட்டியில் வைத்திருக்கிறாள். எதைக் கொடுத்தாலும் அது தொடவில்லை. "ஹஜ்ரத், வாயைத் திறந்து ஊட்டலாமா? ஊட்டாமல் விட்டு அது செத்துப்போனால், பூனையைப் பட்டினி போட்ட பெண்ணைப் போல நாங்களும் அல்லாஹ்விடம் குற்றவாளி ஆவோமா?" என்று கேட்டார்.

உடன் இருந்தவர்களில் ஒருவர் சிரித்தார். பாம்பைக் கண்டால் படையும் நடுங்கும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பாம்பு என்றதும் ஊரில் கம்பைத்தான் தேடுவோம். ஆனால் இது சிரிக்க வேண்டிய கேள்வி அல்ல. ஒரு பிள்ளையின் உள்ளத்தில் ஆகிரத்தின் பயமும் படைப்பின் மீது இரக்கமும் ஒன்றாக இருக்கின்றன. அதற்கு மார்க்கத்திலிருந்து பதில் சொல்வது நம் கடமை.

முதலில், பாம்புக்கு இரக்கம் காட்டலாமா? அல்லாஹ் எல்லா உயிர்களையும் நீரிலிருந்து படைத்ததைச் சொல்லும் இடத்தில், வயிற்றால் ஊர்ந்து செல்பவற்றை முதலாவதாகக் குறிப்பிடுகிறான் (அந்நூர் அத்தியாயம்). பூமியில் உள்ள உயிரினங்கள் யாவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்றும் அறிவிக்கிறான் (அல்அன்ஆம் அத்தியாயம்). பாம்பைக் கொல்ல அனுமதிக்கும் ஹதீஸ்கள் இருப்பது உண்மை. அவை அதன் தீங்கைக் கருதியே வந்தவை என்று அறிஞர்கள் விளக்கியுள்ளார்கள். வீட்டுக்குள் காணப்படும் பாம்புக்குக்கூட மூன்று நாள் எச்சரிக்கை கொடுக்கச் சொல்லும் ஹதீஸ் முஸ்லிமில் இருக்கிறது.

மினாவில் நடந்ததையும் நினைவில் கொள்ளுங்கள். நபி (ஸல்) அவர்களுக்கு அல்முர்ஸலாத் அத்தியாயம் அருளப்பட்ட வேளையில் ஒரு பாம்பு வெளிப்பட்டது. தோழர்கள் விரைந்தார்கள்; அது தப்பிவிட்டது. அதன் தீங்கிலிருந்து நீங்கள் தப்பியதைப் போலவே அதுவும் உங்கள் தீங்கிலிருந்து தப்பியது என்ற கருத்தில் நபியவர்கள் பேசினார்கள் (புகாரி). கவனியுங்கள்! நம்மால் அதற்கும் தீங்கு உண்டு என்பதை அந்த வார்த்தை ஒப்புக்கொள்கிறது. கார்ட்டர் பாம்பால் மனிதருக்கு ஆபத்து இல்லை. இங்கே தீங்கு நம் இயந்திரத்திலிருந்து அதற்குப் போயிருக்கிறது.

இப்போது பூனையின் ஹதீஸுக்கு வருவோம். இதைப் பலரும் பாதிதான் நினைவில் வைத்திருக்கிறோம். அந்தப் பெண் பூனைக்கு உணவு கொடுக்கவில்லை என்பது ஒரு பாதி. பூமியில் உள்ள சிற்றுயிர்களைத் தானே தேடித் தின்னும்படி அவள் அதை விடவும் இல்லை என்பது மறு பாதி. அதாவது அவளுக்கு இரண்டு வாசல்கள் இருந்தன. ஊட்டியிருக்கலாம், அல்லது விட்டிருக்கலாம். இரண்டையும் அடைத்ததுதான் அவளுடைய குற்றம். ஓர் உயிரை அடைத்து வைத்த கணத்திலேயே அதன் ரிஸ்கின் பாதை நம் கைக்கு வந்துவிடுகிறது. அது நம்மிடம் ஓர் அமானிதம்.

அப்படியானால் வனவிலங்கை வைத்திருப்பதே பாவமா? இல்லை. அபூ உமைர் என்ற சிறுவர் ஒரு சிறு குருவி வைத்திருந்தார். நபியவர்கள் அதைத் தடுக்கவில்லை. அது இறந்தபோது அன்போடு அவரிடம் விசாரித்தார்கள் (புகாரி). வைத்திருப்பதற்கு நிபந்தனை, அதன் தேவையை நம்மால் நிறைவேற்ற முடிய வேண்டும் என்பதே. நம் பெட்டிக்குள் உண்ண மறுக்கும் உயிரோ, தன் தேவை இங்கே நிறைவேறவில்லை என்று தன் மொழியில் சொல்கிறது.

அது ஏன் உண்ணவில்லை? பாம்பின் உடல் தன் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்வதில்லை. வெளியிலிருந்து கதகதப்பு கிடைக்காவிட்டால் அதனால் உணவைச் செரிக்க முடியாது. காயத்தின் வலியிலும், மனிதர் அடிக்கடி கையில் எடுப்பதிலும், தோல் உரிக்கும் முன்பும், குளிர்காலம் நெருங்கும்போதும் அது உண்ணாது. ஆரோக்கியமான பாம்பு வாரக்கணக்கில் உணவின்றி இருக்கும். அதற்கு முதலில் வேண்டியது தண்ணீரும், இருளும், அமைதியும்தான். பாலும் ரொட்டியும் அதன் உணவு அல்ல. மண்புழு, தவளை, சிறு மீன் இவையே அதன் உணவு. அதற்காகத் தவளையைப் பிடிக்கப் போக வேண்டாம். தவளையைக் கொல்வதை நபியவர்கள் தடுத்த செய்தி அபூதாவூதில் இருக்கிறது.

பயிற்சி இல்லாதவர் வாயைப் பிளந்து திணித்தால் தாடை காயப்படும். உள்ளே போனதும் கக்கப்படும். அது வேதனைக்கு மேல் வேதனை. எல்லாவற்றிலும் இஹ்ஸானை, அழகிய முறையை, அல்லாஹ் விதித்திருக்கிறான் என்று நபியவர்கள் கற்றுத் தந்தார்கள் (முஸ்லிம்). அறுக்கும் பிராணிக்கே கத்தியைத் தீட்டி வேதனையைக் குறைக்கச் சொன்ன மார்க்கம், காப்பாற்றுகிறோம் என்ற பெயரில் வேதனை கொடுப்பதை ஏற்குமா?

ஆகவே அந்தச் சகோதரரிடம் சொன்ன பதில் இதுதான்: ஊட்டாதீர்கள், பெட்டியிலேயே வைத்துக்கொண்டும் இருக்காதீர்கள். அங்கீகாரம் பெற்ற வனவிலங்குப் பராமரிப்பாளரிடம் இன்றே சேர்த்துவிடுங்கள். காயம்பட்ட வனவிலங்கை 24 மணி நேரத்துக்கு மேல் நாமே வைத்திருக்கக் கூடாது என்பது ஒன்டாரியோவின் விதி. வாழும் நாட்டின் நியாயமான விதியைப் பேணுவதும் மார்க்கத்தில் உள்ளதே. அங்கு கொண்டு சேர்த்த பிறகும் அது இறந்தால், உங்கள் மீது குற்றம் இல்லை, இன்ஷா அல்லாஹ். தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவர் மன்னிக்கப்பட்டார். அந்த நாய் அதன் பின் எத்தனை நாள் வாழ்ந்தது என்று ஹதீஸ் சொல்லவில்லை. கேள்வி நம் செயலைப் பற்றியது. ஆயுள் அல்லாஹ்வின் கையில்.

சகோதரர்களே! இதில் நம் நஃப்ஸுக்கு ஒரு பாடம் இருக்கிறது. நாம் கொடுத்ததை அது வாங்க வேண்டும், நம் கையால் பிழைக்க வேண்டும் என்று மனம் ஆசைப்படுகிறது. வாங்காதபோது வருந்துகிறோம், அந்த வருத்தத்தில் பாதி அதற்காக, பாதி நமக்காக. ரஹ்மத் என்பது எதிரில் உள்ளவரின் தேவையை அளவுகோலாகக் கொள்வது; நம் திருப்தியை அல்ல.

மனிடோபா மாகாணத்தில் நார்சிஸ் என்ற இடம் இருக்கிறது. சுண்ணாம்புப் பாறைக் குழிகளுக்குள், உறைபனி எட்டாத ஆழத்தில், பல்லாயிரக்கணக்கான கார்ட்டர் பாம்புகள் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. அவை 17ஆம் எண் நெடுஞ்சாலையைக் கடக்கும்போது வாகனங்களில் நசுங்கி ஆயிரக்கணக்கில் இறந்தன. அங்குள்ள மக்கள் அவற்றைப் பிடித்து வளர்க்கவில்லை. சாலைக்கு அடியில் சிறு சுரங்க வழிகள் அமைத்து, அவற்றை நோக்கித் திருப்பத் தாழ்வான வேலிகள் போட்டார்கள். கையில் எடுக்காமலே வழியைத் திறந்துவிட்டார்கள். பூனையின் ஹதீஸில் அடைபட்ட இரண்டாவது வாசல் இதுதான்.

இந்தப் பாடத்தை வீட்டுக்கும் கொண்டு செல்லுங்கள். வயதான தாயோ தந்தையோ கடைசிக் காலத்தில் கஞ்சியைக்கூட ஒதுக்குகிறார்கள். "ஒரு வாய், இன்னும் ஒரு வாய்" என்று நாம் வற்புறுத்துகிறோம். அவர்கள் தலையைத் திருப்பிக்கொண்டால் கோபப்படுகிறோம். நோயாளிகளை உண்ணும்படி நிர்ப்பந்திக்க வேண்டாம், அல்லாஹ் அவர்களுக்கு ஊட்டுகிறான் என்ற கருத்தில் திர்மிதீயில் ஒரு ஹதீஸ் வருகிறது. அதன் தரம் பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு; ஆனால் அதன் பொருளைப் பெற்றோரின் கட்டில் அருகே உட்கார்ந்த பலரும் உணர்ந்திருப்பார்கள். சிகிச்சையைக் கைவிடச் சொல்லவில்லை. மருத்துவரைக் கேளுங்கள், உதடுகளை நனையுங்கள், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஊட்டுவது மட்டுமே அன்பு என்று நினைத்துவிடாதீர்கள். தம் உணவைச் சுமந்து திரியாத எத்தனையோ உயிர்களுக்கு உணவளிப்பவன் அல்லாஹ் (அல்அன்கபூத் அத்தியாயம்). நாம் ரஸ்ஸாக் அல்ல, அவனுடைய அடிமைகள்.

யா அல்லாஹ்! உன் படைப்புகள் மீது இரக்கம் கொள்ளும் உள்ளத்தை எங்களுக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் தருவாயாக! எங்கள் கைகளாலும் இயந்திரங்களாலும் வாயற்ற உயிர்களுக்கு ஏற்படும் தீங்கை மன்னிப்பாயாக! கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுக்கவும், விட வேண்டிய இடத்தில் விடவும் எங்களுக்கு அறிவைத் தருவாயாக! நோயுற்றிருக்கும் எங்கள் பெற்றோருக்கு இலகுவை ஏற்படுத்துவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.