அரைப்பேர்

தேயிலைத் தோட்டங்களில் ‘பேர்’ என்ற சொல்லுக்கு அகராதிகள் கூறாத ஒரு பொருள் உண்டு. ஒரு நாள் உழைப்புக்குரிய முழுக் கூலியை அங்கே ‘ஒரு பேர்’ என்பார்கள். விடியலில் பிரட்டுக்களத்தில் நின்று, மலையேறி, மழைக்கும் அட்டைக்கும் ஈடுகொடுத்துக் கொழுந்து பறித்த பெண், மாலையில் மடுவத்துத் தராசின் முன் கூடையை இறக்குகிறாள். விதித்த நிறை இருந்தால் அவளுக்குப் பேர் விழும், குறைந்தால் அரைப்பேர்தான். நாள் முழுவதும் அவள் மலையில் நின்றது மெய். ஆயினும் கணக்குப் புத்தகத்தில் அவள் அன்று பாதி மனுஷி.

இந்தச் சொல் என் நெஞ்சில் தைத்தது தோட்டத்தில் அல்ல. கொழும்பில், ஓர் ஆய்வு மாநாட்டு மண்டபத்தின் வாசலில். பதுளை மாவட்டத்துத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்து, முதுமாணிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண், இரவு பஸ்ஸில் வந்திறங்கி, முகம் கழுவிய ஈரம் உலருமுன்னே, பிரதிநிதிகளுக்குப் பைகளும் பெயர் அட்டைகளும் வழங்கிக்கொண்டிருந்தாள். உள்ளே ஓர் அறிஞர் தோட்டக் குடும்பங்களின் கடன் சுமை குறித்துக் கட்டுரை வாசித்தார். அதிலிருந்த விவரங்களில் பெரும்பகுதி அந்தப் பெண் மாதக்கணக்கில் லயம் லயமாக ஏறி இறங்கித் திரட்டியவை. கட்டுரையின் இறுதியில், ‘தகவல் திரட்ட உதவிய மாணவர்களுக்கு நன்றி’ என்று ஒரு வரி வந்தது. அதை அவள் கேட்கவில்லை. இடைவேளையில், “நீ ஏனம்மா உள்ளே வந்து இருக்கவில்லை?” என்று வினவினேன். “பதிவுக் கட்டணம் கட்டினவங்கதான் உள்ளே இருக்கலாம், சேர்” என்றாள். அவள் குரலில் மனக்குறை இல்லை. அதுதான் என்னை வருத்தியது.

அறிஞர் சங்கங்கள் இளம் ஆய்வு மாணவருக்குக் கடமைப்பட்டவையா? கடமை உண்டென்றால் அது எத்தகையது? இரவலனுக்கு இடும் பிச்சையா, உழைத்தவனுக்குரிய பங்கா? இது நிர்வாகக் குழுக்கள் தேநீர் வேளையில் தீர்த்துவிடும் சில்லறைப் பிரச்சினையென்று பலர் எண்ணுகின்றனர். நான் அவ்வாறு எண்ணவில்லை. அறிவு யாருடையது என்னும் பழைய கேள்விதான் இங்கே வேறொரு சட்டை அணிந்து வந்து நிற்கிறது.

நம் நாட்டில் அறிஞர் சங்கங்களின் வரலாறு நெடியது. றோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளை 1845-இல் கொழும்பில் தோன்றியது. அதே பத்தாண்டில்தான் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து ஆயிரமாயிரம் ஏழை மக்கள் கடல் கடந்து, காட்டு வழியே நடந்து மலைநாட்டை அடைந்துகொண்டிருந்தனர். வழியிலே வீழ்ந்தவர்க்குக் கணக்கில்லை. ஒருபுறம் இத்தீவின் கல்வெட்டையும் பறவையையும் செடியையும் ஆராய ஒரு சபை. மறுபுறம் அந்தச் செடியைச் சுமக்க ஒரு கூட்டம். இவ்விரண்டும் சந்திக்க வேண்டுமென்று அன்று எவரும் கருதவில்லை. அப்படிக் கருதாததற்காக அக்கால மனிதரை மட்டும் பழிப்பதில் பயனில்லை. 1944-இல் விஞ்ஞானிகளுக்கென ஒரு சங்கம் நிறுவப்பட்டது. இன்று இலங்கை விஞ்ஞான முன்னேற்றச் சங்கம் எனப்படுவது அதுவே. நான்கு ஆண்டுகள் கழித்து, 1948-இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. எஞ்சியிருந்த நாடற்றோர்க்கும் உரிமை வழங்கும் சட்டம் 2003-இல்தான் வந்தது. நாடே தன்னை ஏற்காத ஒருவன் அறிஞர் சபையில் ஆசனம் தேடுவானா? ஓர் அறைப் பள்ளிக்கூடத்தில், ஓர் ஆசிரியரின் பிரம்புக்கு முன்னே, ஐந்து வகுப்புகளும் ஒன்றாய் இருந்து படித்த தலைமுறைகள் அவை.

காலம் மாறியிருக்கிறது. 2005-இல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. பதுளை நகரிலிருந்து பசறை செல்லும் வீதியில் அது நிற்கிறது. தேயிலைத் தொழில்நுட்பத்தைப் பட்டப்படிப்பாகவே அங்கே பயிலலாம். தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஊவாப் பிரதேச நிலையம் பசறையில் இருக்கிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்றில் ஊவாக் கொழுந்துக்கு வந்தேறும் தனி மணத்தை ஆராய்ந்து பட்டம் பெறும் காலம் இது. அந்தக் கொழுந்தைக் கிள்ளியவளின் மகள் அந்த ஆராய்ச்சியைச் செய்யும் நாளும் வந்திருக்கிறது. ஆனால் பட்டம் பெற்றதோடு வாசல் திறந்துவிடுவதில்லை. ஆய்வுக் கட்டுரை வாசிக்கக் கட்டணம். கொழும்புக்குச் சென்று தங்கச் செலவு. சுருக்கத்தை ஆங்கிலத்திலே எழுதித் தரும் நிபந்தனை. மேலும், எவர் எவரை அறிவார் என்னும் எழுதாத சட்டம். மாதக் கூலியில் முற்பணம் வாங்கி மகளைப் படிக்கவைத்த தகப்பன், இதற்கும் ஒருமுறை கங்காணியிடம் கை நீட்ட வேண்டுமா?

சங்கத்து மூத்தவர்கள் சொல்லும் மறுப்பு ஒன்றுண்டு. அது அற்பமானதன்று. ‘சங்கம் சத்திரமல்ல, தரம் காக்கும் சபை. முதிராத ஆய்வை மேடையேற்றினால் தரம் கெடும். அனுதாபத்துக்காக அறிவின் அளவுகோலைத் தாழ்த்தலாகாது’ என்பர். அனுதாபம் ஆய்வுக்கு அளவுகோலாகாது என்பது எனக்கும் உடன்பாடே. ஆனால் ஆதரிப்பதென்றாலே தரம் தாழ்த்துவதுதான் என்று இவர்கள் எங்கிருந்து கற்றனர்?

நம் தமிழ்நாட்டிலேயே இதற்கு விடை இருக்கிறது. 1907-இல் வி. ராமஸ்வாமி ஐயர் என்ற அரசாங்க உத்தியோகஸ்தர் கணித ஆர்வலர்களைக் கூட்டி ஒரு சங்கம் அமைத்தார். பிற்காலத்தில் அது இந்தியக் கணிதச் சங்கமெனப் பெயர் பெற்றது. 1910-இல் அவர் திருக்கோயிலூரில் துணைக் கலெக்டராக இருந்தபோது, எப்.ஏ. பரீட்சையிற் தவறிய ஓர் இளைஞன், கணிதம் நிறைந்த குறிப்பேட்டைக் கையில் ஏந்தி, ஒரு குமாஸ்தா வேலை கேட்டு வந்து நின்றான். அவன்தான் ராமானுஜன். ராமஸ்வாமி ஐயர் வேலை தரவில்லை. இவ்வளவு பெரிய ஆற்றலைத் தாசில் அலுவலகத்தின் அடிப்படியில் புதைக்க மனமின்றி, சங்கத்து நண்பர்களிடம் அனுப்பிவைத்தார். அச்சங்கத்தைச் சேர்ந்த நெல்லூர்க் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து ஆதரித்தார். 1911-இல் சங்கத்தின் சஞ்சிகையில் ராமானுஜனின் முதற் கட்டுரை வெளிவந்தது.

இங்கே நம் அறிஞர்கள் சற்று நிதானித்து நோக்க வேண்டும். அந்தக் கட்டுரை வந்தபடியே அச்சேறவில்லை. ராமானுஜனின் எழுத்து மிகச் சுருங்கியது. நடுவிலுள்ள படிகளைத் தாண்டிச் செல்வது. படிப்பவர்க்கு எளிதிற் பிடிபடாதது. பத்திராதிபர் நாராயண ஐயங்கார் அதை மீண்டும் மீண்டும் திருப்பியனுப்பித் தெளிவாக்கச் செய்தார். தரம் தாழ்த்தப்பட்டதா? இல்லை. இளைஞன் விரட்டப்பட்டானா? அதுவும் இல்லை. திருப்பியனுப்புவதிலும் இருவகை உண்டு. ‘இனி வராதே’ என்று திருப்புவது ஒன்று. ‘திருத்திக்கொண்டு வா’ என்று திருப்புவது இன்னொன்று. நமது சங்கங்களுக்கு முதல் வகை நன்கு தெரியும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பிறர் தயவில் நெடுநாள் வாழ ராமானுஜனுக்கு மனம் ஒப்பவில்லை. 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாய்ப் போய்ச் சேர்ந்தார். கொடையை விட்டு விலகினார். ஆனால் சங்கத்து ஏட்டில் எழுதுவதை விடவில்லை. கொடை எவ்வளவு அன்போடு வந்தாலும் வாங்குபவன் தலையைச் சற்றுக் குனியச் செய்கிறது. ஏட்டில் கிடைத்த இடம் அப்படிச் செய்யவில்லை. அது அவர் உழைத்துப் பெற்ற இடம். ஆதரவு, பங்கு என்னும் இரண்டுக்கும் உள்ள வேற்றுமையை இதைவிடத் தெளிவாக நான் வேறெங்கும் கண்டதில்லை. பசித்தவனுக்கு 25 ரூபாய் இல்லாமல் கணிதம் நடவாது என்பதும் உண்மை. அதை மட்டும் தந்துவிட்டுக் கதவடைத்திருந்தால் அவரை நாம் அறிந்திருக்கமாட்டோம் என்பதும் உண்மை.

மேலைநாட்டார் இதில் நம்மினும் சிறந்தவரென்று நினைக்க வேண்டாம். புத்தகம் கட்டும் தொழிலாளியாயிருந்த மைக்கேல் பாரடே, 1813-இல் லண்டன் றோயல் நிறுவனத்தில் உதவியாளராய்ச் சேர்ந்தார். அதே ஆண்டில் சர் ஹம்ப்ரி டேவியுடன் ஐரோப்பியப் பயணம் புறப்பட்டார். விஞ்ஞான உதவியாளராகப் போனவர், வழியெல்லாம் டேவியின் ஏவலாளாகவும் இருக்க நேர்ந்தது. டேவியின் மனைவி அவரை வேலைக்காரருள் ஒருவராகவே நடத்தினார். 1824-இல் பாரடேயை றோயல் சங்கத்துக்குத் தெரிவு செய்தபோது அதை எதிர்த்தவர் அதன் தலைவராயிருந்த டேவியே. கைதூக்கிவிட்டவரே, தூக்கப்பட்டவன் தம் தோளுக்கு நிகராக நிற்கும்போது முகம் சுளிக்கிறார். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் பேராதனையிலும் இந்தச் சுளிப்பை நான் கண்டிருக்கிறேன்.

மலையகத்தைப் பற்றிய அறிவில் கணிசமான பகுதி சர்வகலாசாலைக்கு வெளியிலேதான் விளைந்தது என்பதை இந்தப் பெரியோர்கள் மறந்துவிடலாகாது. தோட்டத்து மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தவர் கவிஞரும் தொழிற்சங்கவாதியுமான சி. வி. வேலுப்பிள்ளை. மலையகச் சிறுகதையின் வரலாற்றை எழுதியவர், ஹாலி எலைக்கு அருகே ஒரு தோட்டத்தில் 1934-இல் பிறந்து, தாம் பணிசெய்த தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப். பழைய பத்திரிகைத் துணுக்குகளைப் பல்லாண்டுகள் சேர்த்து வைத்த அவரது உழைப்பின் மீதுதான் இன்று பல ஆய்வேடுகள் நிற்கின்றன. இவர்களுக்கு எந்தச் சங்கமும் வழிச்செலவு கொடுக்கவில்லையே என்று ஒருவர் என்னிடம் கூறினார். இன்றைய மாணவர்க்கு மட்டும் ஏன் கொடுக்க வேண்டும் என்பது அவர் வாதம். இரண்டு பேர் நீந்திக் கடந்த ஆற்றுக்குப் பாலம் வேண்டாமென்பதா? நீந்த முயன்று மூழ்கியவர் பட்டியல் எங்கே?

2014 ஒக்டோபர் 29-ஆம் நாள் காலை, பதுளை மாவட்டம் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த நிலம் ஆபத்தானது, மக்களை அப்புறப்படுத்த வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-இலும் 2011-இலும் எச்சரித்திருந்தது. அறிவு இருந்தது. அது மண்ணுக்கடியில் போன மனிதர்களைக் காப்பாற்றும் செயலாக மாறவில்லை. தோட்டத்துப் பிள்ளை ஒருவர் சங்கத்தில் இருந்திருந்தால் அந்த மலை நின்றிருக்கும் என்று நான் பிதற்றமாட்டேன். மக்கள் எங்கே குடியிருப்பது என்பதை முடிவு செய்வோர் வேறு. ஆனால் ஒரு கேள்வியை விலக்க முடியவில்லை. அறிக்கை எழுதுவோர் கூட்டத்தில், தன் தாய் உறங்கும் லயத்தைப் பற்றித்தான் அந்த அறிக்கை பேசுகிறது என்று அறிந்த ஒருவர் இருந்தால், அது ஒன்பது ஆண்டுகள் அலமாரியில் அத்தனை அமைதியாகக் கிடக்குமா?

இதனால் இன்னொரு தவறும் நேர்ந்துவிடலாம். ‘தோட்டத்து மாணவி’ என்று மேடையேற்றி, மாலையிட்டு, அவள் பட்ட துன்பத்தைச் சொல்லச் செய்து, கண்ணீர் மல்கக் கைதட்டிவிட்டு, அடுத்த அமர்வில் அவளைத் தேநீர் மேசைக்கு அனுப்பும் வழக்கம் பரவி வருகிறது. இது முன்னையதிலும் கொடுமை. அவளுடைய துன்பம் நமக்கு வேண்டியதில்லை. அவளுடைய ஆய்வு வேண்டும். அதை மறுத்துரைக்கும் அளவுக்கு அவளை மதிக்க வேண்டும். அவள் தன் பேராசிரியரை மறுத்துரைக்கும் உரிமையும் வேண்டும். அது இருந்தால்தான் சபை.

ஆகவே என் கோரிக்கை பெரியதன்று. பதுளையிலிருந்து வருபவருக்குப் போக்குவரத்துச் செலவும் ஓர் இரவு தங்க இடமும், விண்ணப்பித்துக் கெஞ்சாமலே, சங்கத்தின் வழமையான செலவாக எழுதப்படட்டும். சந்தா மாணவரின் கைக்கு எட்டுவதாக இருக்கட்டும். ஆண்டில் ஒரு கூட்டமாவது கொழும்பை விட்டுப் பதுளையிலோ பண்டாரவளையிலோ நடக்கட்டும். மூத்தவர்களும் ஒருநாள் இரவு பஸ்ஸில் முதுகு வலிக்க வந்து பார்க்கட்டும். செயற்குழுவில் மாணவர் பிரதிநிதி என்று ஒருவரை அமர்த்தினால், அவர் கையில் வாக்கும் இருக்கட்டும். தமிழில் எழுதிய ஆய்வு தமிழிலேயே வாசிக்கப்படட்டும். தரவு திரட்டி, பகுத்து, எழுதியவரின் பெயர் கட்டுரையின் தலைப்பின் கீழே நிற்கட்டும், அடிக்குறிப்பில் அன்று. மாணவர்க்கும் ஒரு வார்த்தை: வாசல் திறந்தபின், தங்களுக்குப் பின்னே லயத்திலிருந்து வரும் அடுத்த பிள்ளையை வாசலில் நிறுத்தாதிருங்கள். படித்து மேலேறிய நம்மவரிற் சிலர் அதையும் செய்திருக்கிறார்கள்.

இவ்வளவும் எழுதியபின் என் பழைய கட்டுரைகளை எடுத்துப் பார்த்தேன். பசறைப் பக்கத்துத் தோட்டங்களைப் பற்றிப் பல ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய ஒன்றின் அடியில், ‘விவரம் சேகரித்துதவிய இரு மாணவ நண்பர்களுக்கு’ என்று நன்றி கூறியிருக்கிறேன். பெயர் இல்லை. ஒருவர் இப்போது பண்டாரவளைப் பக்கத்தில் ஆசிரியராயிருக்கிறார், கடிதம் எழுதியிருக்கிறேன். மற்றவர் லுணுகலைக்காரர் என்பது நினைவிருக்கிறது. முகமும் நினைவிருக்கிறது. பெயர் எவ்வளவு யோசித்தும் வரவில்லை.